நாடி பார்க்கிற சாக்கில்

நான் எல்லோருடைய கையையும் பிடித்துக்கொள்வேன். மனு கொடுக்க வருகிறவர்கள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள், கடை திறப்புக்குக் கூப்பிட வருகிறவர்கள், யாராக இருந்தாலும் முதலில் கை. தொகுதியில் இதற்காகவே எனக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது. "நம்ம சிஸ்டர் மாதிரி பாசமான ஆள் உண்டா? கையைப் பிடிச்சா விடவே மாட்டாங்க" என்று மேடையில் பேசுகிறார்கள். தேர்தல் சுவரொட்டியில்கூட நான் ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம்தான்.

பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன்.

நர்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒருவரிடம் போய் "உங்க மூச்சை எண்ணப்போறேன்" என்று சொன்னால் அந்த நொடியே அவர் மூச்சு மாறிவிடும். இழுத்து இழுத்து விடுவார், இல்லையென்றால் அடக்குவார். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மூச்சு நடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் நாடி பார்க்கிற சாக்கில் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடக்கூடாது. கண்ணை மட்டும் மெல்ல நெஞ்சுப் பக்கம் திருப்பி, சட்டை ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அத்தனை வருஷம் வார்டில் நின்ற பிறகு என் கை தானாகப் போகிறது, சட்டமன்ற உறுப்பினர் ஆன பிறகும் நிற்கவில்லை.

என் தொகுதி அலுவலகம் முன்பு மருந்துக்கடையாக இருந்த இடம். எவ்வளவு கழுவியும் மாத்திரை வாசனை போகவில்லை. காலையில் கதவைத் திறக்கும்போதே கூட்டம் நிற்கும். உரக்கக் கத்துகிறவரை நான் கடைசியில்தான் பார்ப்பேன். கத்துகிறவருக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மூலையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிற ஆளைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டு போன வட்டச் செயலாளர்கள் நிறையப் பேர் உண்டு. போகட்டும்.

சட்டமன்றத்திலும் என்னை யாரும் உறுப்பினர் என்று கூப்பிட்டதில்லை. வாசல் காவலர் முதல் அமைச்சர்கள் வரை எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். ஓய்வறையில் ஒருவர் பின் ஒருவராக வந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சபையில் பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு. மீதிப் பேர் அளந்து பார்க்கவில்லை. ஆனால் நான் எழுந்து ஆஸ்பத்திரி வார்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இரண்டு வாக்கியம் முடிவதற்குள் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துவிடும்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரர் இறந்தது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயேதான் இறந்தார். சாதாரண நிமோனியா, ஆக்ஸிஜன் வைத்தால் தேறிவிடுவார் என்றிருந்தார்கள். நான் கீழ்த் தளத்தில் வேலையில் இருந்தேன். அவர் படுத்திருந்த நெஞ்சு வார்டில் நாற்பது படுக்கை, ஒரே ஒரு நர்ஸ். அவள் அந்தக் கோடியில் வாந்தி எடுத்த ஒருவரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கோடியில் இவருடைய ஆக்ஸிஜன் குழாய் கழன்றுவிட்டது. அவள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவள் நான் பழக்கிய பெண். தரையில் உட்கார்ந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தூக்கி நிறுத்தி, "முதல்ல அஞ்சாம் பெட்டு டிரிப்ஸைப் பாரு, முடியப்போகுது" என்றேன். அப்படித்தான் சொன்னேன். யாரையும் குறை சொல்ல முடியாத சாவு அது. திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருந்தால் அழுதிருப்பேனோ என்னவோ.

அன்றைக்கு மரத்துப்போனதுதான், தெளியவே இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் அது வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, அப்படி. நர்ஸுகள் சங்கத்தில் என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். புருஷனைப் பறிகொடுத்தவள் என்று ஓட்டு விழுந்தது. ஜெயித்த செய்தி வந்தபோது எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். நான் பக்கத்தில் நின்ற அம்மாளின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் கொண்டுவந்த மசோதா ரொம்பச் சின்னது. எந்த வார்டிலும் ஒரு நர்ஸின் பொறுப்பில் எட்டு நோயாளிகளுக்கு மேல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அதை அந்தக் குழுவுக்கு அனுப்பு, இந்தக் குழுவுக்கு அனுப்பு என்று பதவிக்காலம் முடியப்போகிற வரைக்கும் இழுத்தடித்தார்கள். ஒருவழியாகக் கூட்டத்தொடரின் கடைசி நாள் மதியம் ஓட்டெடுப்புக்கு வந்தது. அன்று நிறைவேறாவிட்டால் மசோதா காலாவதி. அடுத்து தேர்தல், புதுச் சபை, எல்லாம் முதலிலிருந்து.

அந்த மசோதாவுக்கு வெளியே தெரியாத இன்னொரு கணக்கும் இருந்தது. என் மகளும் நர்ஸ்தான். அதே நெஞ்சு வார்டில்தான் வேலை, அதே நாற்பது படுக்கை. அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வேலை வந்திருந்தது. போனால் ஐந்து வருஷ ஒப்பந்தம். முந்தின வாரம் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பில் பாஸானா இங்கேயே இருக்கேம்மா. இல்லேன்னா நான் கிளம்புறேன். அப்பா படுத்திருந்த பெட்டைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறேன். இந்தக் கோடியில நிக்கும்போது அந்தக் கோடியில என்ன ஆகுதுன்னே புத்தி ஓடுது. என்னால முடியல."

"பாஸாயிடும்டி," என்றேன்.

எனக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான். பயப்பட வேண்டிய விஷயம் என்று நன்றாகவே தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

சபையில் எங்கள் பக்கம் ஒரே ஒரு தலை கூடுதல். ஒருவர் குறைந்தாலும் சமம். சமமாக வந்தால் சபாநாயகர் தன் ஓட்டைப் போட்டு முடிவு செய்வார். அவர் எந்தப் பக்கம் போடுவார் என்பது டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். அவருடைய மச்சான் மூன்று தனியார் ஆஸ்பத்திரி நடத்துகிறார்.

ஓட்டு நாளில் ஆட்களைத் தேடிப் பிடித்து உட்கார வைப்பது எங்கள் கட்சிக் கொறடாவின் வேலை. அன்று அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வந்த ஆசிரியர் மாதிரி கழிப்பறை வாசல்வரை போய்த் தலையை எண்ணிக்கொண்டிருந்தார்.

நாங்கள் கண்டக்டர் என்று கூப்பிடுகிறவரை நான் பார்த்தது சிற்றுண்டிச்சாலைக்கு வெளியே இருந்த பெஞ்சில். அவர் எங்கள் கட்சிக்காரர், சபையிலேயே வயதானவர். பஸ் கண்டக்டராக இருந்து தொழிற்சங்கம் வழியாக அரசியலுக்கு வந்தவர். இன்றைக்கும் ஒரு மசோதா நிறைவேறினால் பழக்க தோஷத்தில் "ரைட், ரைட்" என்று குரல் கொடுத்துவிடுவார். சபாநாயகர் எச்சரித்தும் பார்த்தாயிற்று, திருந்தவில்லை. நான் சபைக்கு வந்த முதல் நாளே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர்.

அன்று பெஞ்சில் தனியாக, சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, டீ ஆறிப்போச்சு?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி, வாயு. காலையில சாப்பிட்ட ரொட்டி நெஞ்சுலயே நிக்குது."

என் கை போய்விட்டது. மணிக்கட்டு ஈரமாக, சில்லென்று இருந்தது. நாடி விட்டு விட்டு ஓடியது. கண்ணைத் திருப்பி அவர் சட்டைப்பையைப் பார்த்தேன். பையில் செருகியிருந்த பேனா ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த வயதில் ஆற அமர உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு இருக்க வேண்டியதைப் போல இரண்டு பங்கு. தப்பாக எண்ணியிருக்கக்கூடாதா என்ற ஆசையில் மறுபடி எண்ணினேன். தப்பில்லை. குளிரூட்டிய தாழ்வாரத்தில் அவர் நெற்றி வேர்த்திருந்தது. இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

ஓட்டெடுப்புக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதுவரை தாங்கினாலும் தாங்குவார். தாங்காமலும் போகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

கொறடாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இது ஹார்ட்டுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். ஓட்டெடுப்பை முன்னாடியே நடத்தச் சொல்லிச் சபாநாயகர்கிட்டக் கேட்டுப் பாருங்க."

ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "முடியவே முடியாதாம். நிகழ்ச்சி நிரல்ல எப்படி இருக்கோ அப்படித்தானாம். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அந்த ஆள் சிரிக்கிறான் சிஸ்டர்."

"அப்ப இவரை அனுப்பிடலாம்."

"சிஸ்டர், கொஞ்சம் பொறுங்க. ஆம்புலன்ஸைப் பின்வாசல்ல நிறுத்திக்குவோம். டாக்டரைக்கூடப் பக்கத்துலயே உக்கார வைப்போம். ஓட்டைப் போட்ட அடுத்த நிமிஷம் ஏத்திடலாம். இது உங்க பில்லுங்க! நான் வேற யாருக்காகக் கெஞ்சிக்கிட்டு இருக்கேன்?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதை நான் அதற்கு முன்பே எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். பின்வாசல் வரைக்கும் மனசு போய் வந்துவிட்டது. ஆனால் இந்தக் கோடியில் ஒருவருக்கு மூச்சு வாங்கும்போது அந்தக் கோடியில் எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லத்தான் வரவில்லை. அது நல்ல குணம் எல்லாம் இல்லை. என்னைப் பழக்கினது அப்படி.

பெஞ்சுக்குத் திரும்பி வந்து அவரிடம் நேராகவே சொன்னேன். "அண்ணே, இது வாயு இல்ல. ஹார்ட் மாதிரி தெரியுது. ஆம்புலன்ஸ் வரச் சொல்லியிருக்கேன்."

"போகலாம், போகலாம். உன் பில்லுக்குக் கையைத் தூக்கிட்டுப் போறேன். பாதி வழியில பஸ்ஸை விட்டு இறங்கின கண்டக்டரைப் பார்த்திருக்கியா நீ?"

சிரித்தார். சிரிப்புக்கு மூச்சு போதவில்லை. இனி வாதாடினால் இங்கேயே சாய்ந்துவிடுவார் என்று தெரிந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அப்போது என் வாயில் வந்தது வார்டுக் குரல். குழந்தைக்கு ஊசி போடும்போது, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று சொல்வோமே, அந்தக் குரல்.

"ஓட்டு இன்னிக்கு இல்லண்ணே. சபையை ஒரு நாள் நீட்டிச்சிட்டாங்க, நாளைக்குத்தான். நீங்க போய் ஒரு ஈசிஜி எடுத்துட்டு, ராத்திரி நல்லாத் தூங்கிட்டு, காலையில தெம்பா வாங்க."

கொறடா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"நிஜமாவா?" என்றார் கண்டக்டர்.

"நான் உங்ககிட்டப் பொய் சொல்வேனாண்ணே?"

நம்பிவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற நர்ஸை யாரும் நம்பாமல் இருப்பதில்லை. ஸ்டிரெச்சரில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது, பின்வாசலில் நின்ற ஓட்டுநரைப் பார்த்து, "ரைட், ரைட், போலாம்" என்று குரல் கொடுத்தார்.

மதியம் ஓட்டெடுப்பு நடந்தது. சமமாக வந்தது. சபாநாயகர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் ஓட்டை மசோதாவுக்கு எதிராகப் பதிவு செய்வதாகச் சொன்னார். அவ்வளவுதான், அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். என் வரிசையில் கண்டக்டரின் நாற்காலி காலியாக இருந்தது. மேஜையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் திறந்து கிடந்தது. அதை மூடி என் பையில் போட்டுக்கொண்டேன்.

வெளியே வரும்போது கொறடா வழிவிட்டு ஒதுங்கி நின்று, "வாங்க மேடம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

படிக்கட்டில் சங்கத்து நர்ஸுகள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களில் மூத்தவள், என்னோடு ஒரே வருஷம் வேலையில் சேர்ந்தவள், என் வழியை மறித்தாள்.

"ஒருத்தரைக் காப்பாத்திட்டு எங்க எல்லாரையும் நட்டாத்துல விட்டுட்டியே. இந்த பில் இல்லாம இனி எத்தனை பேர் குழாய் கழண்டு சாகப்போறாங்கன்னு உனக்குத் தெரியாதா? உனக்குமா தெரியாது?"

தெரியும். அவள் கணக்கில் பிழை எதுவும் இல்லை. அவள் மூச்சு வேகமாக இருந்தது, கோபத்தில் அப்படித்தான் இருக்கும். "வீட்டுக்குப் போய்த் தண்ணி குடி" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் என் மகள் முன்னறை விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் போய்ச் சேர்ந்தது அவளுடைய ஆஸ்பத்திரிக்குத்தான்.

"அடைப்பை எடுத்துட்டாங்கம்மா. இன்னும் ஒரு மணி நேரம் லேட்டாகியிருந்தா போயிருப்பாராம். டாக்டர் சொன்னார்." நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

அதற்குள் எனக்கு ஒரு நப்பாசை.

"அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு எப்ப வர்றேன்னு மெயில் போட்டுட்டேம்மா," என்றாள்.

கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அவள் கோபிக்கவே இல்லை. சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள், அவ்வளவுதான். நான் எழுந்து போய்ச் சோறு வைத்தேன்.

கண்டக்டரை மறுவாரம் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கூட்டைத் தலைமாட்டில் வைத்தேன். அவர் எழுந்து சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தார். வழக்கம்போல என் கை போயிற்று. அவர் தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"என்னை ஏமாத்திட்டியே தங்கச்சி."

"ஆமாண்ணே."

"என் ஓட்டு அது. இருந்து போட்டுட்டுச் செத்தாலும் என் இஷ்டம். நீ யாரு அதைப் பிடுங்க?"

"நர்ஸுண்ணே," என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு ஏறி இறங்குவதை நின்று எண்ணினேன். நன்றாக இருந்தது. வார்டை விட்டு வரும்போது, அந்தக் கோடியில் ஒரு பெண் மூன்று படுக்கைகளுக்கு நடுவில் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

மகள் கிளம்பிய அன்று நல்ல வெயில். பெட்டியில் அவள் அப்பாவின் ஸ்வெட்டரை வைத்திருந்தது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். பயணிகள் மட்டும் என்று எழுதியிருந்தது.

"அம்மா, இப்பக்கூட ஒண்ணும் ஆயிடல. நீ தனியா இருந்துக்க மாட்டேன்னா சொல்லிடு, நான் போகல. சத்தியமாப் போகல."

"போடி, போ. எனக்கென்ன? தொகுதி வேலையே தலைக்கு மேல கிடக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். சும்மா விடைபெறுகிற மாதிரிதான் பிடித்தாள். ஆனால் அவள் விரல்கள் நகர்ந்து நகர்ந்து மணிக்கட்டில் வந்து நின்றன. கையை விடவில்லை. கண் மெல்ல என் முந்தானைப் பக்கம் இறங்கியது.

அந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அப்போதுதான் அது வந்தது. இத்தனை வருஷமாக வராத எல்லாம், ஊசி மருந்து தெளியும்போது வலி வருமே அப்படி, வரிசை இல்லாமல் வந்தது. அவர் படுத்திருந்த கட்டில், கழன்று கிடந்த குழாய், இவள் சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் திரும்பிப் பார்க்காமல் ஓடியது, எல்லாம். போகாதே என்று தொண்டைவரை வந்துவிட்டது. நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டிருந்தால் போதும், அவள் பெட்டியைத் திருப்பியிருப்பாள். திரும்பி வந்து, மறுநாள் காலையில் அந்த நாற்பது படுக்கைக்கு நடுவில் போய் நின்றிருப்பாள்.

மூச்சை இழுத்தேன். அளவாக, மெதுவாக விட்டேன். மறுபடி இழுத்தேன். ஆரோக்கியமான ஒரு பெண்மணி தூங்குகிற மாதிரி, ஒன்று போல ஒன்று. வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய மூச்சை எண்ணியிருக்கிறேன். நடிக்கிற மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவளுக்கும் தெரியாமலா இருந்திருக்கும்?

"பதினாறு," என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. "நீ நல்லாத்தான் இருக்கேம்மா."

"நான்தான் சொன்னேனே."

கையை விட்டாள். கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் போய் அவள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். அவள் வரிசையில் மறைகிறவரை அதே அளவில் இழுத்து அதே அளவில் விட்டுக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு என் மூச்சை யாராலும் எண்ணியிருக்க முடியாது.